இரண்டு பட்டியல் பௌலியாசி

“நூத்தி நாப்பத்தாறு. உன் பேத்தியையும் சேர்த்து.”

ஃபெலேத்தி அப்படி எதையும் கேட்டிருக்கவில்லை. படகின் பின்பக்கம் குனிந்து எஞ்சின் கயிற்றை மூன்றாம் தடவையாக இழுத்துக்கொண்டிருந்தான். அதுவரை பேச்சு வலையைப் பற்றித்தான் போய்க்கொண்டிருந்தது.

“வலையில எத்தனை ஓட்டைன்னுதானேண்ணே பேசிட்டிருந்தோம்?”

“போன ஞாயித்துக்கிழமை எங்க சபையில எத்தனை பேருன்னு சொல்றேன்” என்றார் பௌலியாசி. “நூத்தி நாப்பத்துநாலுன்னு எண்ணி முடிச்சுட்டேன். கடைசி நிமிஷத்துல உன் மக வந்து பின்வரிசையில உக்காந்தா. மடியில பாத்தா ஒரு பொட்டலம்.”

“என் பேத்தி பொட்டலமா?”

“ஆறு வாரத்துக் குழந்தை பொட்டலம்தான். ஆனா எண்ணும்போது நீயும் அதுவும் ஒண்ணு. நீ நூத்தி முப்பது கிலோ இருக்கேன்னு உன்னை ரெண்டா எண்ண முடியுமா?”

எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஃபெலேத்திக்கு முகமெல்லாம் பல். அவன் வெஸ்லியன் சபைக்காரன். மகளைக் கட்டியவன் மார்மன். பேத்திக்கு அவன் மடியில் வைத்து வெஸ்லியன் பாதிரியார் தண்ணீர் தெளித்தாயிற்று. இப்போது மார்மன் சபையில் அவளுக்கு ஒரு எண்ணும் கிடைத்துவிட்டது. பிறந்து ஆறு வாரத்தில் இரண்டு சபையிலும் இடம் பிடித்த பெண்ணை நினைத்து அவன் தனக்குள் சிரித்துக்கொண்டான். தூக்கி வைத்துக்கொள்ள எத்தனை மடி இருந்தால் என்ன, நல்லதுதானே.

பௌலியாசியோடு பேசிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பேச்சு ஒரு பக்கம் போகும்; அவருக்குள் எண்ணிக்கை வேறொரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். சாவு வீட்டில் எல்லாரும் தலைகுனிந்து பாடும்போது “முப்பத்தெட்டு” என்பார் மெதுவாக. வந்திருப்பவர்களில் மார்மன்கள் எத்தனை பேர் என்று அர்த்தம். ரக்பி ஆட்டத்தில் பந்து கோட்டைத் தாண்டும் நேரத்தில் “அந்தப் பக்கம் ஒன்பது, இந்தப் பக்கம் ஆறு” என்பார். பக்கத்தில் நிற்பவன் அதை ஆட்டக் கணக்கு என்று நினைத்துக் கூச்சல் போடுவான்.

டோங்கா நாட்டின் ஃபோவா தீவில் பெருவள்ளிக்கிழங்கு பயிரிடுகிறவர் அவர். வயது அறுபத்தாறு. பனைமட்டை போல நெடுநெடுவென்ற உடம்பு, காதோரம் மட்டும் மிச்சமிருக்கும் முடி. தேநீர், காப்பி, ஊரெல்லாம் குடிக்கும் கவா வேர்ச்சாறு எதுவும் தொடமாட்டார். எலுமிச்சை இலை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர்தான். முப்பத்தொரு வருஷமாக அவர் சபையின் எழுத்தர். சம்பளம் இல்லாத வேலை. பிஷப்புகள் ஐந்தாறு பேர் மாறிவிட்டார்கள். எழுத்தர் மாறவில்லை.

ஞாயிறு காலை வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, ஊர் வழக்கப்படி இடுப்பைச் சுற்றிப் பாய் கட்டிக்கொண்டு கதவருகே கடைசி பெஞ்சில் உட்காருவார். முதல் பாட்டு தொடங்கியதும் செருப்பைக் கழற்றுவார். ஒரு வரிசையை எண்ணி முடித்தால் ஒரு கால்விரலை மடக்குவார். பத்து வரிசைக்குப் பத்து விரல். கூட்டம் பத்து வரிசையைத் தாண்டிய ஞாயிறுகளில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். விரல்களை விரித்து மறுபடி முதலிலிருந்து மடக்குவார். “பேச்சுல முதல் பாதியை நான் முப்பத்தொரு வருஷமா கேட்டதே இல்ல. எண்ணிட்டு நிமிர்ந்தா ஆதாமைத் தோட்டத்துலேர்ந்து வெளிய அனுப்பிட்டிருப்பாங்க. அவன் என்ன பண்ணினான்னு எனக்கு இன்னும் சரியாத் தெரியாது” என்பார்.

சபைப் பட்டியல் கம்ப்யூட்டருக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவரும் மாதம் ஒருமுறை பங்காய் ஊருக்குச் சைக்கிளில் போய் ஒற்றை விரலால் தட்டிவிட்டு வருவார். ஆனால் அசல் பட்டியல் அவரிடம் இருப்பதுதான். மரப்பட்டைத் துணியால் அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு. எல்லாம் பென்சில் எழுத்து. “மனுஷன் இடம் மாறிக்கிட்டே இருப்பான். அவனை எதுக்குப் பேனாவால எழுதறது?”

இந்த வருஷம் அரசாங்கத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. பங்காய் அலுவலகத்தில் ஆள் தேடினார்கள். எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல், எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எந்தச் சித்தியிடம் வளர்கிறது என்று தெரிந்த ஆள் இவர் ஒருவர்தான். வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்து, தாள் தன் கையைவிட்டுப் போகாது என்று சத்தியம் செய்துவிட்டு வேலையை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருடைய பெயர் ‘இரண்டு பட்டியல் பௌலியாசி’. பையின் இடதுபக்கம் சபைப் பட்டியல், வலதுபக்கம் அரசாங்கத் தாள்கள், நடுவில் ஒரு பலகைத் துண்டு.

“அது எதுக்குண்ணே பலகை?” என்று ஃபெலேத்தி கேட்டான் ஒருநாள்.

“ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிடக்கூடாது. இதுல சொன்னதை அதுகிட்ட சொன்னா நான் சத்தியம் தவறினவன். மொத்தம் எத்தனைன்னு வேணா கேளு, சொல்றேன். பேரு கேக்காத.”

“சரி, மொத்தம் சொல்லுங்க.”

“சபைப் பட்டியல்ல முந்நூத்தி ரெண்டு. அரசாங்கம் கேட்டப்ப மார்மன்னு சொன்னவங்க நூத்தி எண்பத்தொம்பது. ஞாயித்துக்கிழமை பெஞ்சுல இருக்கறது நூத்தி நாப்பது, நூத்தி அம்பது.”

“இதுல எது நெசம்?”

“மூணும் நெசம்.”

“அது எப்படிண்ணே?”

“ஒருத்தன் பிஷப் மேல கோவிச்சுக்கிட்டு வரமாட்டேங்கறான். ஒருத்தி மாமியாருக்குப் பயந்துட்டு வேற சபை பேரைச் சொல்றா. ஒருத்தனுக்கு எங்க சபைப் பள்ளிக்கூடம் முடிஞ்சதும் பக்தியும் முடிஞ்சுபோச்சு. ஒருத்தன் கவா குடிக்கணும், எங்களோட இருந்தா குடிக்க முடியாது. இவங்க எல்லாம் எட்டு வயசுல ஞானஸ்நானத்துக்குத் தண்ணிக்குள்ள முங்கி எழுந்தப்ப நான் கரையில நின்னேன்டா. மூக்குல தண்ணி போயி இருமினாங்க. அந்த இருமல் பொய்யா?” என்றார். கொஞ்சம் மூச்சுவாங்கிவிட்டுத் தொடர்ந்தார். “நாடு முழுக்க இப்படித்தான். எங்க ஆளுங்களைக் கேட்டா டோங்காவுல பாதிக்கு மேல நாங்கம்பாங்க. அரசாங்கத்தைக் கேட்டா அஞ்சுல ஒருத்தரும்பாங்க. நடுவுல இருக்கற அத்தனை பேரும் கதவுல ஒரு கை வெச்சுட்டு நிக்கறாங்க. உள்ளேயும் இல்ல, வெளியேயும் இல்ல.”

ஃபெலேத்திக்குப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் பவளப்பாறைகள் அத்தனையும் அவனுக்குத் தெரியும். அந்தப் பெருமையில் ஒருமுறை பௌலியாசியைச் சோதித்துப் பார்த்தான். படகிலிருந்து கையை நீட்டி ஒவ்வொரு தீவாகக் காட்டினான். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார். அந்தத் தீவில் பன்னிரண்டு வீடு, இந்தத் தீவில் மூன்று, அதோ அதில் ஒரு கிழவி மட்டும், பெயர் ஃபுசிபாலா, அவளுக்காக மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேர் திருவிருந்து ரொட்டியும் தண்ணீரும் கொண்டுபோகிறார்கள். தீவுகள் தீர்ந்துபோயின. அவர் நிறுத்தவில்லை. “டோங்காதாபுல எங்காளுங்க மரத்தடியில தேங்கா கொட்டிக் கெடக்கற மாதிரி கெடக்கறாங்க, காலை வைக்க இடமில்ல. வவாவுல மேட்டுக்கு ஒரு குடும்பம். எவாவுல காட்டோரமா. நியுவாவுல கப்பல் வந்தாத்தான் கணக்கு வரும், கப்பல் எப்ப வரும்னு கப்பலுக்கே தெரியாது.” அதற்கப்புறம் ஆக்லாந்து, சிட்னி, அமெரிக்காவில் சால்ட் லேக் பட்டணம். தெருப் பெயரோடு, வீட்டுக் கதவின் நிறத்தோடு.

ஃபெலேத்தி துடுப்பைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். தன் பாறைகள் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. நாற்பது வருஷம் ஓட்டினால் யாருக்கும் மனப்பாடம் ஆகும். இந்த மனிதரின் பாறைகளோ விமானம் ஏறுகின்றன, கல்யாணம் செய்துகொள்கின்றன, பெயரை மாற்றிக்கொள்கின்றன. இவரும் கூடவே நடந்துகொண்டிருக்கிறார், கிழங்குத் தோட்டத்தைவிட்டு நகராமலே.

கம்ப்யூட்டரில் ‘முகவரி தெரியாதவர்கள்’ என்று ஒரு தனி இடம் உண்டு. ஆள் எங்கே போனார் என்று தெரியாவிட்டால் எழுத்தர்கள் அந்தப் பெயரை அங்கே தள்ளிவிடலாம். பௌலியாசி ஒரு பெயரைக்கூட அங்கே தள்ளியதில்லை. ஹிகோ என்று ஒருவன் ஊரைவிட்டுப் போய்ப் பத்தொன்பது வருஷம் தொலைந்திருந்தான். அவனுடைய அப்பா இறந்தார். விமானம் வரும்போது ஓடுபாதைக்குக் குறுக்கே போகிற சாலையை அடைத்துவிடுவார்கள். அந்தக் கம்பிக் கதவுக்கு வெளியே சைக்கிளோடு பௌலியாசி காத்திருந்தார். கறுப்புத் துணியும் இடுப்பில் துக்கத்துக்கான கிழிந்த பாயுமாக ஹிகோ அழுதுகொண்டே வெளியே வந்தான்.

“ஹிகோ. எந்தத் தெரு?”

“மாமா, எங்கப்பா...”

“தெரியும்டா. வீட்டு நம்பரைச் சொல்லிட்டு அழு. நானும் சேர்ந்து அழறேன்.”

அவன் சொன்னான். அவர் எழுதினார். பிறகு சைக்கிளைச் சாலையில் அப்படியே போட்டுவிட்டு அவன் தோளைக் கட்டிக்கொண்டு, சொன்னபடியே அழுதார்.

அப்படிப்பட்டவர் இன்று படகு கிளம்பியபின் வாயைத் திறக்கவில்லை. குழந்தையின் எண்ணைச் சொன்னதோடு சரி. பையை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு எதிரே வளர்ந்துவரும் ஹாஆனோ தீவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஆனோவில் கணக்கெடுத்த பெண், மகளின் பிரசவம் என்று ஆக்லாந்துக்குப் போய்விட்டாள். நான்கு வீடு மிச்சம். மூன்று வீடுகளை நேற்று முடித்துவிட்டார். நான்காவது வீடு காலிசியின் வீடு. காலிசி அவருடைய தங்கை.

டோங்காவில் அண்ணனைவிடத் தங்கை ஒரு படி மேல். விளைந்த முதல் கிழங்கு அவளுக்குப் போகும். ஒவ்வொரு வருஷமும் ஃபெலேத்தியின் படகில்தான் போகிறது. ஆனால் வயது வந்த நாளிலிருந்து இருவரும் ஒரு கூரையின் கீழ் கால்நீட்டி உட்கார்ந்ததில்லை. ஒருவர் எதிரில் மற்றவர் பகடி பேசுவதில்லை. பிள்ளைப்பேறு பற்றி யாராவது பேச்செடுத்தால் இருவரில் ஒருவர் எழுந்து போய்விட வேண்டும். அரசாங்கத் தாளின் இரண்டாம் பக்கமோ அதிலேதான் தொடங்குகிறது: இதுவரை எத்தனை குழந்தை பெற்றீர்கள்?

பங்காய் அலுவலகத்துப் பெண் இதைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ மாமா, நீங்க எப்படிப் போய்க் கேப்பீங்க! வேற ஆள் வர ரெண்டு வாரம் ஆகுமே. வெள்ளிக்கிழமை தாள் போயாகணும்.” அதனால்தான் இன்று ஃபெலேத்தி. கேட்பது அவன், எழுதுவது அவர் என்று ஏற்பாடு.

ஆனால் அவரைக் கலக்கியது அந்தத் தாள் அல்ல. பையின் இடதுபக்கத்தில் இன்னொரு தாள் இருந்தது. யூட்டாவில் படித்துவிட்டு வந்த புது பிஷப், பத்து வருஷமாகச் சபைக்கு வராத எல்லாருக்கும் ஒரு தாள் கொடுக்கச் சொல்லியிருந்தார். “பிரதர் பௌலியாசி, நாம யாரையும் கட்டிவெச்சிருக்கக் கூடாது. போறேன்னு சொல்றவங்க இதுல கையெழுத்துப் போடட்டும், பேரை எடுத்துடலாம்.” அதில் தப்பு ஒன்றும் இல்லை. நாற்பது வீட்டுக்குப் பௌலியாசி கொடுத்தார். ஒன்பது தாள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஒவ்வொன்று வந்த அன்றும் அவர் சாப்பிடாமல் தோட்டத்தைச் சுற்றிச்சுற்றி நடந்ததை ஊரே பார்த்தது. நாற்பத்தோராவது தாள் காலிசியுடையது. இரண்டு மாதமாகப் பையிலேயே கிடந்தது.

பாதிக் கடலில் எஞ்சினை மட்டாக வைத்துவிட்டு ஃபெலேத்தி கேட்டான். “என்னண்ணே, வாந்தி வருதா?”

“அம்மாவும் அப்பாவும் டோங்காதாபுல இருக்கற எங்க சபைக் கோயிலுக்குப் போனாங்க. குடும்பத்தை என்னைக்கும் பிரியாம சேர்த்துவைக்கிற சடங்கு. பிள்ளைங்க நாங்க அஞ்சு பேரு. நாலு பேருதான் போனோம். காலிசி அதுக்கு முந்தின வருஷம் வெஸ்லியன் வீட்டுல கல்யாணம் பண்ணிட்டு இங்க வந்துட்டா. முழங்கால் போடும்போது அம்மா எங்களை நெருங்க விடல. நடுவுல ஒரு ஆள் இடம் விடுங்கடான்னா. விட்டோம்.”

ஃபெலேத்தி எஞ்சினை இன்னும் மட்டாக்கினான்.

“அந்த நாலு பேர்ல மூணு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. இப்ப அவளும் நானும்தான். பட்டியல்ல அவ பேரு இருக்கற வரைக்கும் அந்த இடம் அவளுது.”

“கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னா?”

“நான் எழுத்தர்டா. அழிக்கத்தான் வேணும்.”

காலிசியின் வீட்டிலிருந்து அறுபது தப்படி தள்ளி ஓர் ஈரப்பலா மரம். பௌலியாசி அதன் வேரில் உட்கார்ந்து, மடியில் பலகை, பலகைமேல் தாள், கையில் பென்சில் என்று தயாரானார். காலிசி திண்மையான பெண். தாழ்வாரத்தில் கணப்பு எரிய, பக்கத்தில் தாழைமடல் பாய் பின்னிக்கொண்டிருந்தாள். ஃபெலேத்தியைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினாள்.

“மரத்தடியில யாரு, கொடிக்கம்பம் மாதிரி?”

“அரசாங்கம், அக்கா.”

“அரசாங்கத்துக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சே.”

இப்படித்தான் அது தொடங்கியது. நேற்று ராத்திரி இந்த வீட்டில் தூங்கினவர்கள் எத்தனை பேர்? ஃபெலேத்தி கேட்டுக்கொண்டு மரத்துக்கு ஓடினான், பௌலியாசி எழுதினார், அடுத்த கேள்வியோடு திரும்பி ஓடினான். கூரை தகரமா, ஓலையா? ஓட்டம். தொட்டித் தண்ணீரா, கிணறா? ஓட்டம். பன்றி எத்தனை?

“ஏழு. இல்ல, ஆறு. ஒண்ணு போன வாரம் சாவு வீட்டு விருந்துக்குப் போச்சு. இரு, குட்டியும் எண்ணணுமா?”

அதைக் கேட்டு வர ஓர் ஓட்டம். குட்டியும் எண்ணவேண்டும் என்று சொல்ல இன்னோர் ஓட்டம். பத்தாவது தடவையில் ஃபெலேத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கழுத்திலிருந்து வியர்வை ஒழுகியது.

“ஏன்டா ஃபெலேத்தி, பேத்தி பொறந்த சந்தோஷத்துல ஓடறியா, எங்கண்ணன் வெரட்டறாரா?”

“ரெண்டும்தான்க்கா. அவ தும்மினா ரெண்டாத்தான் தும்முவா, தெரியுமா? ஒத்தையாத் தும்மவே மாட்டா.”

“இதையும் அரசாங்கம் எழுதிக்கிச்சா?”

“எழுதல. எழுதணும்.”

பிள்ளைப்பேற்றுக் கேள்விகள் வந்தன. மரத்தடியில் பௌலியாசி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். தாளின் ஓரத்தை மட்டும் இறுகப் பிடித்திருந்தார். தாள் கையைவிட்டுப் போகக் கூடாதே. ஃபெலேத்தி பென்சிலை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டத்துக்குள் ஒன்பது என்று போட்டான். அது தூண்டில் முள் போல வளைந்து அடுத்த கட்டத்தில் போய் இடித்தது. தங்கையின் மக்கள் எத்தனை பேர் என்று பௌலியாசிக்குத் தெரியாதா? பிறந்த தேதியோடு தெரியும். தெரிவது வேறு, கேட்பது வேறு.

“ஆச்சாடா?”

“ஆச்சுண்ணே. திரும்பலாம். அடுத்தது என்ன?”

அவர் தாளைப் பார்த்தார். பென்சிலை வாங்கிக்கொண்டார்.

“எந்தச் சபைன்னு கேளு.”

இந்தத் தடவை ஃபெலேத்தி ஓடவில்லை. ஈரமணலில் நடப்பதுபோல் நடந்தான். அவன் வாயெடுக்கும் முன்பே காலிசி அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். பின்னலைக் கீழே வைத்தாள். எழுந்து வாசல்படிக்கு வந்து, மரத்தடிக்குக் கேட்கும்படி தானே சொன்னாள்.

“வெஸ்லியன். எழுதிக்கச் சொல்லு. நாப்பது வருஷமா ரெண்டாவது வரிசையில நின்னு பாடறேன். பொய் சொல்லமாட்டேன்.”

ஃபெலேத்தி திரும்பிப் போனபோது அவர் எழுதி முடித்திருந்தார். எழுத்து மற்ற வீடுகளுக்கு எழுதியது போலவே அச்சடித்த மாதிரி இருந்தது. தாளைப் பையின் வலதுபக்கம் வைத்தார். இடதுபக்கம் கைவிட்டு இன்னொன்றை எடுத்து நீட்டினார்.

“இது இன்னிக்கு வேணாமேண்ணே. அடுத்த மாசம் கிழங்கு கொண்டாருவேன்ல, அப்பக் கொடுக்கறேன்.”

“நாப்பது வீட்டுக்குக் கொடுத்தேன், ஃபெலேத்தி. என் தங்கச்சி வீட்டை மட்டும் தாண்டிப் போனா அது பட்டியலா?”

ஃபெலேத்திக்கு அந்த நேரத்தில் அவருடைய காலைத் தொடவேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷம் ஒரு பெயரைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தவர், இப்போது அந்தக் கையைத் தானே விரிக்கிறார். தாளை வாங்கிக்கொண்டு போனான்.

காலிசி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். ஒருமுறை படித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து தொடங்கினாள். கணப்பில் கிழங்கு கருகும் வாசனை வந்தது.

“என் பேரு எழுதியிருக்கே. யாரு எழுத்து?”

“அண்ணனுதுதான்.”

“அன்னைக்கு அம்மா எனக்கு இடம் விட்டு முழங்கால் போடச் சொன்னாளாமே? சாகறதுக்கு முந்தி சொன்னா. நான் நம்பல. அவ எப்பவும் சேர்த்துத்தான் சொல்லுவா.”

“நெசந்தான்க்கா. இப்பத்தான் படகுல அண்ணன் சொன்னாரு.”

“எவ்வளவு இடம்?”

ஃபெலேத்தி அதைப் பார்த்தவன் இல்லை. இருந்தாலும் இரண்டு கையையும் விரித்து, யோசித்து, கொஞ்சம் குறுக்கிக் காட்டினான்.

காலிசி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப நான் அவ்வளவுதான் இருந்தேன். இப்ப அதுல ஒரு கால்தான் வைக்க முடியும்” என்று சிரித்தாள். சிரித்து முடித்தபின் கண்ணாடியைக் கழற்றி உடுப்பின் ஓரத்தால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு கணப்பிலிருந்து கிழங்கை வெறும் கையால் உருட்டி எடுத்தாள். அவர் அனுப்பிய கிழங்குதான். சுற்றி ஒரு தடவை பார்த்தாள். இலை பறிக்கத் தோட்டத்துக்குப் போகவேண்டும். மடியிலிருந்த தாளை எடுத்து, எழுத்து உள்பக்கம் வரும்படி, கிழங்கைச் சுருட்டி இரண்டு முனையையும் முறுக்கினாள்.

“சூடா இருக்கறப்பவே கொண்டுபோய்க் கொடு.”

“அக்கா, கையெழுத்து...”

“கையெல்லாம் கரின்னு சொல்லு.”

மரத்தடியில் பௌலியாசி பொட்டலத்தை வாங்கி மெதுவாகப் பிரித்தார். ஆவி பறந்தது. தாளில் ஈரமும் கரியும் பரவியிருந்தன. கையெழுத்துக்கான கோடு அடியில் வெறுமையாக இருந்தது. கட்டைவிரலை அந்தக் கோட்டின்மேல் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்த்திப் பார்த்தார்.

“கையில கரியாம்ணே” என்றான் ஃபெலேத்தி.

அவர் தலையை ஆட்டினார். எந்த எண்ணையும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் நாய் எழுந்து வந்தது. ஒரு காது கிழிந்த பெரிய நாய். மரத்தடிக்கு வந்து அவருடைய செருப்பை மோந்தது. பாதத்தை மோந்தது, முழங்காலை, பையை, கையை மோந்தது. பௌலியாசி மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தார். கிழங்கில் பாதியை உடைத்து ஊதி ஆற்றி மணலில் வைத்தார். நாய் தின்றது. பிறகு இரண்டு சுற்று சுற்றி, அவருடைய பாதங்களின்மேலேயே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

கடல் வற்றத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் படகைத் தள்ளித்தான் இறக்க வேண்டும். ஃபெலேத்தி பையை எடுக்கக் குனிந்தான். பௌலியாசி கையை மட்டும் உயர்த்திக் காட்டினார், இரு என்று. காலை அசைக்கவில்லை.

காலையில் படகில் ஏறும்போது அவர் சொல்லியிருந்தார்: “அவ வீட்டு நாய்க்கு நான் யாருன்னே தெரியாது, ஃபெலேத்தி. கடிக்க வந்துச்சுன்னா நீதான் சொல்லணும், இது அண்ணன்னு.”